யி அண்ணனின் மனைவி: தென்சீனக் கடலை ஆண்ட ஜெங் யி சாவ்

கடலோடி:
நேற்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. சீனப் பட்டுடை, இரண்டு கையிலும் வாள், பின்னால் எரியும் கப்பல். கீழே, "1,800 கப்பல், 80,000 கொள்ளையர், ஒரு போரிலும் தோற்காத ராணி!" அனுப்பியவர் என் சித்தப்பா, அதனால் அங்கே வாயை மூடிக்கொண்டேன். இங்கே கொட்டித் தீர்க்கிறேன்.

அந்தப் பெண் உண்மையில் இருந்தவர். ஆனால் வாளை எடுத்துவிட்டு ஒரு கணக்கு நோட்டைக் கையில் கொடுத்திருந்தால் படம் உண்மைக்குக் கொஞ்சம் பக்கத்தில் வந்திருக்கும்.

முதலில் பெயர். ஜெங் யி சாவ். 'சாவ்' என்றதும் நமக்கு வேறு நினைப்பு வரும். சீனத்தில் அது அண்ணன் மனைவியைக் கூப்பிடும் முறைச்சொல், அதாவது அண்ணி. யி அண்ணனின் மனைவி என்பதால் அந்தப் பெயர். கப்பல்காரர்கள் வாயில் புழங்கியது அதுதான். பிறந்த வீட்டுப் பெயர் ஷி யாங். 1775 வாக்கில் குவாங்டாங் மாகாணத்தில் பிறந்தவர், குவாங்ஜோவ் படகு விடுதிகளில் பாலியல் தொழில் செய்தவர் என்று சொல்லப்படுகிறது. 1801-இல் ஜெங் யி என்ற கொள்ளைத் தலைவனை மணந்தார். "சொத்தில் பாதி கொடுத்தால்தான் தாலி" என்று நிபந்தனை போட்டதாக ஒரு கதை சுற்றுகிறதே, அது பின்னால் யாரோ ஒட்டவைத்த கதை.

ஜெங் யி பரம்பரைக் கொள்ளையர் குடும்பம். அப்போது வியட்நாமில் தே சோன் வம்சத்துக்கும் நுயென் வம்சத்துக்கும் நீண்ட உள்நாட்டுப் போர். தே சோன் தரப்பு சீனக் கொள்ளையரைக் கூலிப்படையாக வைத்திருந்தது. பதவி, கப்பல், ஒதுங்க ஒரு துறைமுகம் எல்லாம் கொடுத்தது. 1802-இல் தே சோன் விழுந்தது. புரவலர் போனதும் அத்தனை பேரும் குவாங்டாங் கரைக்குத் திரும்பி ஒருவரையொருவர் கடித்துக்கொண்டார்கள்.

ஜெங் யி அவர்களை உட்கார வைத்துப் பேசினான். 1805-இல் ஏழு தலைவர்கள் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். ஒவ்வொரு கப்பலும் ஒரு படையில் பதிவாகி எண் வாங்க வேண்டும், தங்களுக்குள் அடித்துக்கொள்ளக் கூடாது என்றெல்லாம் விதிகள். சிவப்பு, கறுப்பு, வெள்ளை என்று கொடியின் நிறத்தால் படைகள் பிரிந்தன. ஜெங் யியினுடையது செங்கொடி, எல்லாவற்றிலும் பெரியது.

1807 நவம்பரில் ஜெங் யி இறந்துபோனான். மனைவிக்கு அப்போது 32 வயது இருக்கும், கையில் இரண்டு ஆண் பிள்ளைகள். இளையது பிறந்தது அதே வருடம்.

வடைமாலை:
சிங் ஷி, சிங் ஷி என்று படித்திருக்கிறேனே, அது வேறு ஆளா?

கடலோடி:
அதே ஆள்தான். ஜெங் என்பதை ஆங்கிலேயர் சிங் ஆக்கிவிட்டார்கள். 'ஷி' பெண்ணின் குலப்பெயரோடு வரும் ஒட்டு. இரண்டையும் சேர்த்தால் 'ஜெங் வீட்டம்மா' என்கிற அளவுக்குத்தான் பொருள். உலகப் புகழ்பெற்ற ஒருவருக்கு இரண்டு பெயர் இருந்தும் இரண்டிலும் புருஷன் வீட்டு அடையாளம்தான்.

பரணி_78:
நல்ல இழை. ஒரு சந்தேகம். கணவன் செத்ததும் ஆயிரக்கணக்கான முரட்டு ஆண்கள் ஒரு பெண்ணை "சரி, நீங்களே சொல்லுங்க" என்று ஏற்றுக்கொண்டார்களா? அதுவும் 1807 சீனாவில்? எனக்கு இடிக்கிறது.

கடலோடி:
எனக்கும் முதலில் இடித்தது. இரண்டு விஷயத்தைச் சேர்த்துப் பார்த்தால் புரியும்.

ஒன்று, இவர்கள் கரைச் சீனர்கள் அல்ல. கொள்ளையரில் பெரும்பகுதி மீனவர்கள், குறிப்பாகப் படகிலேயே பிறந்து படகிலேயே சாகும் தங்கா மக்கள். கரையில் இருந்தவர்கள் அவர்களைத் தாழ்த்தி வைத்திருந்தார்கள். 1729-இல் பேரரசரே கரையில் குடியேறலாம் என்று ஆணை போட்ட பிறகும் ஒதுக்கல் தீரவில்லை. கரையில் பெண் பிள்ளைகளின் பாதத்தைச் சிறு வயதிலேயே இறுக்கிக் கட்டிக் குறுக்கிவிடுவார்கள். அந்தச் சமூகத்தில் பெண்கள் அப்படிக் கால் கட்டுவதில்லை. துடுப்புப் போடுவார்கள், சுக்கான் பிடிப்பார்கள். கொள்ளைக் கப்பலிலும் பெண்டு பிள்ளைகளோடுதான் குடித்தனம். கப்பலில் ஒரு பெண் உத்தரவு போடுவது கரைக்காரனுக்குத்தான் அதிசயம்.

இரண்டு, அவர் தனியாக நாற்காலியில் ஏறவில்லை. முதலில் கணவனின் உறவுக்காரர்களைத் தன் பக்கம் இழுத்தார். அப்புறம் ஜாங் பாவ். இவன் மீனவர் மகன், 1798-இல் 15 வயதில் ஜெங் யி பிடித்துவந்த பையன். பிறகு அவனையே ஜெங் யி வளர்ப்பு மகனாக்கிக்கொண்டான். சண்டையில் புலி, ஆட்களுக்கும் அவனைப் பிடிக்கும். செங்கொடியின் அன்றாடத் தலைமையை அவனிடம் கொடுத்துவிட்டு, ஒட்டுமொத்தக் கூட்டணியைத் தன் கையில் வைத்துக்கொண்டார். பிறகு அவனோடு வாழத் தொடங்கினார், கடைசியில் மணமும் செய்துகொண்டார். வளர்ப்பு மகனை மணப்பது சீன முறைப்படி மகா பாவம். கடலில் யார் கேட்கப்போகிறார்கள்.

பரணி_78:
ஓ. சுல்தானும் தளபதியும் மாதிரி.

வடைமாலை:
சுல்தானும் தளபதியும் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்களா? 😄

கணக்குப்பிள்ளை:
முப்பது வருடம் தணிக்கைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். வாள் சண்டை எனக்கு எதற்கு? இவர்கள் வரவு செலவு எப்படி ஓடியது என்று தேடித் தேடிப் படித்தேன். அசந்துபோனேன்.

கப்பலைப் பிடித்துக் கொள்ளையடிப்பதில் வருமானம் நிரந்தரமில்லை. ஒருநாள் பட்டு கிடைக்கும், பத்து நாள் ஒன்றும் கிடைக்காது. அறுபதாயிரம் வாய்க்கு தினம் சோறு போட அது ஆகாது. அதனால் உப்பைப் பிடித்தார்கள். சீனாவில் உப்பு அரசின் ஏகபோகம். குவாங்டாங்கின் மேற்குக் கரையில் விளையும் உப்பு கடல் வழியாக குவாங்ஜோவுக்குப் போயாக வேண்டும். முதலில் உப்புக் கப்பல்களை அடித்தார்கள். பிறகு வியாபாரிகளைக் கூப்பிட்டு, "அடிக்காமல் இருக்க என்ன தருவாய்?" என்றார்கள். நம்ம ஊர் பாஷையில் மாமூல்.

இங்கேதான் எனக்கு மரியாதை வந்தது. பணம் கட்டினால் சீட்டு உண்டு. கடலில் எந்தக் கொடிக்காரன் நிறுத்தினாலும் சீட்டைக் காட்டினால் விட்டுவிட வேண்டும். சீட்டு வைத்திருக்கும் கப்பலை எவனாவது தொட்டால் அவனுக்குத் தண்டனை, வியாபாரிக்கு நட்டஈடு. ரசீதை மதிக்கும் திருடன்! பணம் வசூலிக்கக் கரையிலேயே அலுவலகங்கள் வைத்திருந்தார்கள். நாளடைவில் உப்போடு நிற்காமல் மீன்பிடிப் படகு, சரக்குக் கப்பல் என்று எல்லாரும் சீட்டு வாங்கினார்கள்.

பங்கு பிரிப்பும் எழுத்தில். கொண்டுவந்த பொருள் எதுவாக இருந்தாலும் முதலில் பதிவு. பத்தில் இரண்டு பங்கு பிடித்தவனுக்கு, எட்டுப் பங்கு பொதுக் கிடங்குக்கு. பொதுச் சொத்தில் கை வைத்தால் தலை போகும். ஒவ்வொரு கப்பலிலும் இதைப் பார்க்க ஒரு ஆள். அவருக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்று யோசித்தேன், கடைசியில் என் புனைபெயரே சரியாக இருந்தது.

இன்னொன்று. கரைக் கிராமத்தில் அரிசி, சாராயம், வெடிமருந்து எது வாங்கினாலும் காசு கொடுத்தே வாங்க வேண்டும், பிடுங்கினால் மரணம். இந்த விதி இருந்ததால் கொள்ளையருக்கு வெடிமருந்துத் தட்டுப்பாடே வரவில்லை. விற்பவனுக்கு அரசாங்கத்தைவிட இவர்கள் நல்ல வாடிக்கையாளர்.

மீனாள்:
எல்லாரும் ரசிக்கிறீர்கள். ரசிக்க முடியாத பக்கத்தை நான் சொல்கிறேன்.

1809 செப்டம்பரில் 'மார்க்விஸ் ஆஃப் ஈலி' என்ற கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பலின் அதிகாரி ரிச்சர்ட் கிளாஸ்பூல், ஏழு மாலுமிகளோடு செங்கொடியிடம் மாட்டினார். டிசம்பர் வரை அவர்களோடு இருந்தார். வெளியே வந்ததும் பார்த்ததை எழுதி வைத்தார். ஒரு கிராமத்தைத் தாக்கியபோது சுமார் 250 பெண்களையும் குழந்தைகளையும் கப்பலுக்குக் கொண்டுவந்தார்கள். அந்தப் பெண்களால் ஓட முடியவில்லை, காரணம் கட்டிய கால்கள். உறவினர் பணம் கொடுத்து ஏறக்குறைய நூறு பேரை மீட்டார்கள். மீதிப் பேரைக் கொள்ளையர் தங்கள் ஆட்களிடமே விற்றார்கள், தலைக்கு 40 டாலர். சில பெண்கள் கடலில் குதித்து உயிரை விட்டார்கள்.

எதிரியின் வெட்டிய தலைக்கும் பரிசு உண்டு என்று அதே ஆள் எழுதியிருக்கிறார். பணம் கொடுக்க மறுத்த ஊர்கள் எரிந்தன.

"பெண்களைத் தொட்டவனுக்கு மரண தண்டனை விதித்த பெண்ணிய ராணி" என்று ஃபேஸ்புக்கில் எழுதுகிறார்களே, அந்த விதியை முழுசாகப் படித்தார்களா? ஊர்களில் பிடித்த பெண்ணை ஒருவன் இஷ்டத்துக்குத் தொடக் கூடாது, முதலில் கப்பல் கணக்கரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்கிறது விதி. அனுமதியில்லாத பலாத்காரத்துக்குத்தான் மரணம். அந்தப் பெண்ணின் அனுமதியை யாரும் கேட்கவில்லை, கணக்குப்பிள்ளையின் அனுமதியைக் கேட்டார்கள். (உங்களைச் சொல்லவில்லை சார்.)

கணக்குப்பிள்ளை:
புரிகிறதம்மா. அந்தப் புனைபெயரை வைத்ததற்கு இப்போது கொஞ்சம் கூசுகிறது.

அலைகடல்_ராஜா:
அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தான் இருந்தார்கள். பிரிட்டிஷ் கப்பல் என்ன கொண்டுபோனது, பால் பவுடரா? அபின். கிளாஸ்பூலை விடுவிக்கக் கொடுத்த பிணைப்பொருளிலேயே இரண்டு பெட்டி அபின் இருந்தது, கூடவே வெடிமருந்து, துணி, ஒரு தொலைநோக்கி. யார் யோக்கியம்?

மீனாள்:
யாரும் யோக்கியம் இல்லை என்பதால் குதித்துச் செத்த பெண் இல்லாமல் போய்விடுவாரா? அவரும் அந்தக் காலத்துப் பெண்தான். ஜெங் யி சாவின் திறமையை நான் மறுக்கவில்லை. அந்த 40 டாலரும் அதே திறமையான கணக்கில் ஏறியது என்று சொல்கிறேன், அவ்வளவுதான்.

கடலோடி:
மீனாள் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன், இது பலருக்குத் தெரியாது. அந்த மூன்று புகழ்பெற்ற விதிகள் (அனுமதியில்லாமல் கரைக்குப் போனால் எல்லார் முன்னாலும் காதில் துளை, மறுபடி போனால் மரணம், பொதுச் சொத்து, பிடித்த பெண்கள்) இவர் பெயரில் உலவுகின்றன. 1830-இல் யுவான் யுங்லுன் என்ற சீனர் எழுதிய நூலில் அவை ஜாங் பாவின் விதிகளாகத்தான் வருகின்றன. அடுத்த வருடமே அது ஆங்கிலத்தில் வந்தது. பிறகு எழுதியவர்கள் கைக்குக் கை மாற்றும்போது விதிகள் 'ராணி' பெயருக்கு வந்துவிட்டன.

ஆக, கெட்டதை அவர் தலையில் முழுசாகக் கட்டவும் முடியாது, நல்லதை அவர் பெயரில் எழுதிவைக்கவும் முடியாது. இருவரும் சேர்ந்து நடத்திய கடை. முக்கியமான எதையும் ஜாங் பாவ் அவரைக் கேட்காமல் செய்ததில்லை என்று மட்டும் அதே நூல் சொல்கிறது.

வடைமாலை:
கிளாஸ்பூல் அங்கே என்ன சாப்பிட்டார்? (முக்கியமான கேள்வி இது.)

மீனாள்:
மூன்று வாரம் சோறும் வேகவைத்த கம்பளிப்புழுவும். எலியும் உண்டு, விருந்தாக. சண்டை நடக்கும்போது தலைவனின் மனைவி அவர் மேல் பூண்டுத் தண்ணீர் தெளிப்பாராம், குண்டு படாமல் இருக்க. எந்தத் தலைவனின் மனைவி என்று பெயர் போடவில்லை. நம் அண்ணிதான் என்று அடித்துச் சொல்பவர்களை நம்பாதீர்கள்.

வடைமாலை:
மாலையில் மசாலா வடை சாப்பிடலாம் என்று இருந்தேன். போச்சு.

தீவுக்காரன்:
ஹாங்காங்கில் பதினொரு வருடமாக இருக்கிறேன். இந்த இழையில் எனக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

இங்கே விமான நிலையம் இருக்கும் இடம் செக் லாப் கோக். பழைய தீவை வெட்டிச் சமப்படுத்தி, கடலைத் தூர்த்துக் கட்டி, 1998-இல் திறந்தார்கள். அதற்கும் லாண்டாவ் தீவுக்கும் நடுவில் இருப்பதுதான் துங் சுங் விரிகுடா. அந்தப் பக்கம் பேருந்தில் போகும்போதெல்லாம் 1809 நவம்பரை நினைத்துக்கொள்வேன்.

அந்த வருடம் பாய் லிங் என்பவர் குவாங்டாங், குவாங்ஸி மாகாணங்களின் ஆளுநராக வந்தார். மனிதர் கெட்டிக்காரர். கடல் போக்குவரத்தையே நிறுத்தி, உப்பைக் கூடத் தரை வழியாகக் கொண்டுபோகச் சொன்னார். கடலில் ஆளில்லை என்றால் சீட்டு யாருக்கு விற்பது? பசித்த கொள்ளையர் முத்தாற்றுக் கழிமுகத்துக்குள் நுழைந்து கிராமங்களைத் தாக்கினார்கள். மீனாள் சொன்ன கொடுமைகள் அந்த மாதங்களில் நடந்தவை. ஒரு ஊரிடம் ஆண்டுக் கப்பமாகப் பத்தாயிரம் டாலர் கேட்டு, பேரம் பேசி, ஆறாயிரத்துக்கு இறங்கிய கதையும் கிளாஸ்பூலிடம் இருக்கிறது.

நவம்பரில் செங்கொடிக் கப்பல்கள் பழுது பார்க்க துங் சுங்கில் ஒதுங்கியிருந்தன. மக்காவ் போர்த்துக்கீசியர் வந்து விரிகுடாவின் வாயை அடைத்தார்கள், பின்னால் சீனக் கடற்படை 90-க்கும் மேற்பட்ட கப்பல்களோடு வந்து சேர்ந்தது. பத்து நாள் முற்றுகை. கொள்ளையருக்குக் காற்று ஒத்துழைக்கவில்லை, வெளியே வர முடியவில்லை. அரசுப் படை தீப்படகுகளை உள்ளே அனுப்பியது. வைக்கோலும் வெடிமருந்தும் ஏற்றிக் கொளுத்திவிட்ட படகுகள். கொள்ளையர் கூச்சல் போட்டுக்கொண்டே அவற்றைக் கரைக்கு இழுத்து, தீயை அணைத்து, உடைத்து அடுப்பு விறகாக்கிவிட்டார்கள்! பிறகு காற்றுத் திரும்பியபோது இரண்டு அரசுக் கப்பல்களே தீப்பிடித்தன. நவம்பர் 29-ஆம் தேதி காற்று சாதகமானதும் பாயை விரித்து எல்லாரும் வெளியேறிவிட்டார்கள்.

சியுங் சாவ் தீவில் ஜாங் பாவின் குகை என்று ஒன்று காட்டுவார்கள். என் பையனோடு போனேன். பாறை இடுக்கு, கைவிளக்கோடு ஒருக்களித்து இறங்க வேண்டும். புதையல் இருந்ததாம். எனக்குக் கிடைத்தது முழங்கையில் சிராய்ப்பு.

பரணி_78:
முற்றுகையையே உடைத்தவர்கள், ஆறு மாதத்துக்குள் சரணடைந்தது ஏன்? அதுதான் புரியவில்லை.

கடலோடி:
வெளியே அடி வாங்கவில்லை, உள்ளே விரிசல். துங் சுங்கில் செங்கொடி மாட்டிக்கொண்டபோது கருங்கொடித் தலைவன் குவோ போதாயிடம் உதவி கேட்டார்கள், அவன் வரவில்லை. தன்னைவிட இளைய ஜாங் பாவுக்கு வந்த மவுசு அவனுக்குப் பிடிக்கவில்லை. வெளியே வந்ததும் ஜாங் பாவ் அவன் மேல் பாய்ந்தான். குவோ போதாய் சண்டை போட்டுவிட்டு நேராக அரசிடம் போய்ச் சரணடைந்துவிட்டான், 1810 ஜனவரியில். அவனுக்குப் பதவி கிடைத்தது. அதை மற்றக் கொடிக்காரர்களும் பார்த்துக்கொண்டுதானே இருந்தார்கள்.

ஜெங் யி சாவும் கணக்குப் போட்டார். 1805 ஒப்பந்தம் செத்துவிட்டது. விலை இருக்கும்போதே விற்றுவிட வேண்டும்.

பிப்ரவரியில் முதல் பேச்சுவார்த்தை. பாய் லிங் நேரில் கடலுக்கு வந்தார். அந்த நேரம் பார்த்து ஆங்கிலேயக் கப்பல்கள் அந்த வழியாகப் போயின. பொறி என்று நினைத்துக் கொள்ளையர் கலைந்துவிட்டார்கள். பேச்சு அறுந்தது.

ஏப்ரலில் அவரே கிளம்பினார். ஆயுதமில்லை, ஜாங் பாவ் இல்லை. கொள்ளையர் வீட்டுப் பெண்களும் பிள்ளைகளுமாகப் பதினேழு பேரை அழைத்துக்கொண்டு குவாங்ஜோவில் ஆளுநர் மாளிகைக்குள் நடந்து போனார். எனக்கு இவர் வாழ்க்கையில் பிடித்த இடம் இதுதான். வீரம் என்று சொல்ல மாட்டேன், எதிராளியைப் படித்த விதம். பாய் லிங்குக்கும் இது முடிந்தாக வேண்டும், பேரரசருக்கு நல்ல செய்தி அனுப்பியாக வேண்டும். கைகட்டி வந்த பெண்களையும் பிள்ளைகளையும் வெட்டினால் அடுத்து ஒரு கொள்ளையனும் சரணடைய வரமாட்டான்.

கேட்டதில் பெரும்பாலும் கிடைத்தது. ஜாங் பாவுக்குக் கடற்படையில் அதிகாரிப் பதவி, அவனுக்கென்று இருபதுக்கு மேற்பட்ட கப்பல்கள், அடித்த சொத்து கையோடு.

ஏப்ரல் 20, 1810. சரணடைந்தவர்கள் 17,318 பேர், கப்பல்கள் 226, பீரங்கிகள் 1,315, மற்ற ஆயுதங்கள் 2,798. இதில் ஜெங் யி சாவின் நேரடிப் பொறுப்பில் இருந்தவை 24 கப்பல்கள், 1,433 ஆட்கள். சரணடைந்தவர்களுக்குப் பன்றி இறைச்சியும் சாராயமும் காசும் கொடுத்தார்கள். சித்தப்பாவின் 1,800 கப்பலும் 80,000 ஆளும் அத்தனைக் கொடிகளையும் சேர்த்து, மேலே கொஞ்சம் ஊதியும் விட்ட எண்.

மீனாள்:
எல்லாருக்கும் இறைச்சி கிடைக்கவில்லை. 126 பேரின் தலை போயிற்று, 200-க்கு மேற்பட்டவர்கள் நாடு கடத்தப்பட்டார்கள்.

கடலோடி:
ஆமாம், விட்டுவிட்டேன். நன்றி.

ஜாங் பாவ் அடுத்த வேலையாக மற்றக் கொடிக்காரர்களை வேட்டையாடக் கிளம்பினான். நீலக்கொடித் தலைவனைப் பிடித்ததில் அவனுக்கும் பங்கு. நேற்றுவரை ஒரே ஒப்பந்தத்தில் இருந்தவன்! பிறகு ஃபூஜியன் மாகாணத்துக்கு மாற்றல், பதவி உயர்வு. 1813-இல் ஒரு மகன் பிறந்தான். 1822-இல் ஜாங் பாவ் பணியில் இருக்கும்போதே இறந்தான், நாற்பது வயதை ஒட்டி. ஜெங் யி சாவ் மகனோடு ஊர் திரும்பி, ஒரு சூதாட்ட விடுதி நடத்தினார்.

அலைகடல்_ராஜா:
கடலில் மாமூல், கரையில் சூதாட்டம். தொழில் மாறவே இல்லை.

பரணி_78:
அப்புறம் ஒரு செய்தியும் இல்லையா?

கணக்குப்பிள்ளை:
இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த ஆவணம் அதுதான். 1840-இல், அறுபத்தைந்து வயதில், அந்த அம்மா ஒரு அதிகாரி மேல் வழக்குப் போட்டார். வூ யாவ்நான் என்று பெயர். 1810-இல் சொத்து வாங்கித் தரச் சொல்லி ஜாங் பாவ் அவரிடம் 28,000 டேல் வெள்ளி கொடுத்தாராம், சொத்தும் வரவில்லை, பணமும் திரும்பவில்லை.

ஒரு டேலுக்குச் சுமார் 37 கிராம் என்று வைத்தால் ஏறக்குறைய ஒரு டன் வெள்ளி. முப்பது வருடம் கழித்து! எத்தனையோ கப்பலைக் கப்பம் கட்ட வைத்தவர், கரையில் இடம் வாங்கக் கொடுத்த முன்பணத்தில் ஏமாந்திருக்கிறார்.

வடைமாலை:
ரியல் எஸ்டேட்காரனிடம் கடற்கொள்ளையரே தோற்றார்களா! சரி, பணம் வந்ததா?

கணக்குப்பிள்ளை:
வரவில்லை, தள்ளுபடி. அப்போது அங்கே மேலதிகாரி யார் தெரியுமா? லின் ஜெஷு. முந்தைய வருடம் ஹூமெனில் ஆங்கிலேயரின் அபினை அழித்தாரே, அவர்தான். அபின் போர் வாசலில் நிற்கிறது, அந்த மனிதரின் மேஜைக்கு இந்தக் கிழவியின் வழக்குக் கட்டு வருகிறது. பணம் போனதோடு விட்டதா? அதிகாரியின் மனைவி என்ற பட்டமும் அவருக்குச் செல்லாது என்று லின் வாதாடினார். காரணம், அவர் மறுமணம் செய்த விதவையாம்.

கொள்ளையடித்ததற்கு மன்னிப்புக் கிடைத்தது. இரண்டாம் கல்யாணத்துக்குக் கிடைக்கவில்லை.

மீனாள்:
இதைத்தான் முதல் பதிவிலேயே போட்டிருக்க வேண்டும்.

கடலோடி:
நான்கு வருடம் கழித்து, 1844-இல் இறந்தார். சித்தப்பாவுக்கு இந்த இழையின் சுட்டியை அனுப்பினேன். "நல்லா இருக்கு" என்று பதில் வந்தது. அடுத்த நிமிடமே அதே படத்தை இன்னொரு குழுவில் போட்டிருக்கிறார்.